மாப்பிள்ளையிடம் இருப்பது நோயல்ல

அந்தத் திராட்சைக் கொடிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது யாரென்று ஆய்வகத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. பெயர் பொருந்தவில்லை என்று சொன்னவரும் கிடையாது. மாப்பிள்ளைக்குத் தனி அறை, அதற்கு இரண்டு கதவு. ஒன்றைச் சாத்திய பிறகுதான் இன்னொன்றைத் திறக்கலாம். செருப்பை வெளியே விட்டு, மருந்துத் தண்ணீர் ஊறிய மிதியடியில் நின்று, வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். போன கோடையில் கட்டடம் முழுக்க ஏசி படுத்துவிட்டபோது, மெக்கானிக்கை வரவழைத்து மாப்பிள்ளையின் அறையை மட்டும் சரிசெய்தார்கள். மனிதப் பிறவிகள் பழைய கோப்புகளால் விசிறிக்கொண்டார்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரின் முதல் இணைப்பு மாப்பிள்ளைக்கு, அடுத்தது குளிர்பெட்டிகளுக்கு. அதற்கப்புறமும் ஏதாவது மிச்சமிருந்தால் மற்றவர்களுக்கு.

இத்தனை உபசாரம் ஏன் என்றால், மாப்பிள்ளை பரம சுத்தம். திராட்சையைப் பிடிக்கும் வைரஸ்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றுகூட அந்த உடம்பில் இல்லை என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் சோதித்துச் சொன்னவர் ஆய்வகத் தலைவர். பெரியவர் என்று எல்லோரும் சொல்வது அவரைத்தான். அன்றிலிருந்து மாப்பிள்ளையின் குச்சிகளை வெட்டி நாற்றுப் பண்ணைகளுக்குக் கொடுக்கிறார்கள், அவர்கள் அதைப் பெருக்கித் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். பெரியவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. காலையில் வந்ததும் மேசைக்குப் போகமாட்டார், கண்ணாடி வழியாக மாப்பிள்ளையை எட்டிப் பார்த்து, "என்னப்பா, தூங்கினியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

இந்த ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறவளுக்குத் தற்காலிகம் என்று பெயர். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். நாளடைவில் பெயர் உதிர்ந்து அந்தச் சிவப்பு மை நின்றுவிட்டது. "தற்காலிகம் வந்தாச்சா?", "தற்காலிகத்தைக் கேளுங்க" என்று ஆகி, போன வருடம் அவளே போனை எடுத்து, "தற்காலிகம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குப் பிறகு வந்தவர்கள் நிரந்தரமாகி, பதவி உயர்ந்து, ஒருவர் ஓய்வும் பெற்றுவிட்டார்.

இப்போது ஒருவழியாக அவளுடைய கோப்பு நகர்ந்திருந்தது. ஒன்பது கையெழுத்து வேண்டும், எட்டு வந்துவிட்டது. ஒன்பதாவது பெரியவருடையது. பெரியவர் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் கையெழுத்துப் போடுவார், மற்ற நாட்களில் பேனா மூடியையே திறக்கமாட்டார். கோப்பு அவர் மேசைக்குப் போவதே அடுத்த வாரம்தான், அந்த வெள்ளிக்கிழமை கையெழுத்தாகாவிட்டால் காலாவதி. மறுபடி விண்ணப்பம், மறுபடி முதல் கையெழுத்திலிருந்து பிச்சை எடுக்க வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவள் ஒரு தப்புச் செய்தாள்.

அவள் வேலை இதுதான். தோட்டங்களிலிருந்து வரும் இலைக் காம்புகளை அரைத்து, அதிலிருந்து மரபுப் பொருளைப் பிரித்து, வரிசை படிக்கும் எந்திரத்தில் விட வேண்டும். எந்திரம் கோடிக்கணக்கான துண்டு எழுத்துகளாகத் துப்பும். கணினி அந்தத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, இது திராட்சையுடையது, இது பூஞ்சையுடையது, இது வைரஸ் என்று பிரிக்கும். பழைய சோதனைகள் தெரிந்த திருடனின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு தேடுபவை, போட்டோ இல்லாத திருடன் பக்கத்திலேயே நின்றாலும் தெரியாது. இந்த முறை வீட்டிலிருக்கும் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கேட்கும். கேட்டு முடித்ததும் கடைசியாக ஒரு படி உண்டு. அது பெரியவர் போட்ட விதி, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது: 'மாப்பிள்ளையிடம் இருப்பது நோயல்ல.' மாப்பிள்ளையின் இலையில் தென்படும் வரிசை எதுவானாலும் அது வெறும் குப்பை, சத்தம், கழித்துவிட வேண்டும். கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கணக்கு.

பழைய கணினி புகைவிட்டுச் செத்துப்போனதால், படிகளையெல்லாம் அவள் புதுக் கணினியில் ஏற்றினாள். ஏற்றும்போது கழிக்கும் வரியை விட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை முடிவைத் திறந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்து நான்கு மாதிரிகளில் பத்தொன்பதில் ஒரு வைரஸ் இருந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்து, தலையிலிருந்து வால்வரை முழுசாக. உலகத்தில் பதிவான எந்த வைரஸோடும் அது ஒத்துப்போகவில்லை. ஒரு குடும்பத்தோடு மட்டும் லேசான முகச்சாயல், தூரத்துச் சித்தப்பா முறை வரலாம். அவள் வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வந்ததில்லை, ரேஷன் வரிசையில்கூட. இப்போது உலகத்தில் யாருமே பார்க்காத ஒன்றை முதல் ஆளாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் பல்லாக அரைமணி நேரம் சும்மாவே இருந்தாள்.

அப்புறம்தான் கழிக்க மறந்தது உறைத்தது. அந்த வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். வைரஸைக் காணோம். எடுத்துவிட்டு ஓட்டினாள், வந்துவிட்டது. சேர்த்தாள், போய்விட்டது. நாலாவது தடவை ஓட்டும்போது கை தானாக நின்றது. கழித்தால் காணாமல் போகிறது என்றால், அது மாப்பிள்ளையிடம் இருக்கிறது என்றுதானே பொருள்?

எழுந்துபோய்க் கண்ணாடி வழியாக மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"அப்போ அந்தக் கொடிக்கு உடம்பு சரியில்லையா?" என்று சாயங்காலம் மாமியார் கேட்டாள். மூன்று பேருக்குமான காய்கறியை நறுக்கிக்கொண்டே வீட்டு விவகாரம் அத்தனையையும் தீர்த்துவைக்கிறவள் மாமியார்.

"நல்லாத்தான் இருக்கு அத்தை. இலை பளபளன்னு இருக்கு. வைரஸ் சும்மா உள்ள உக்காந்திருக்கு."

"நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கு நீ போய்க் கிளறுற?"

"தனியா இருக்கிற வரைக்கும் அது சாதுவா இருக்கலாம். இன்னொரு வைரஸோட சேர்ந்தா என்ன ஆட்டம் போடும்னு யாருக்கும் தெரியாது. பத்தொன்பது தோட்டத்துக்கு ஏற்கெனவே போயிருக்கு."

"முப்பது வருஷமா வாயைத் திறக்காம இருந்திருக்கு. இன்னும் பத்து நாள் இருக்காதா? வெள்ளிக்கிழமை கையெழுத்தை வாங்கு, சனிக்கிழமை சொல்லு." மாமியார் கத்தியை நீட்டினாள். "நான் இங்க எல்லாச் சொந்தக்காரங்களுக்கும் சொல்லியாச்சு. என் மருமக நிரந்தரம்னு. சின்ன நாத்தனார் மூஞ்சியில ஈயாடலை. அதுல மண்ணை அள்ளிப் போட்டுடாத."

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவன் எதற்கும் இரண்டு பக்கமும் பேசுவான். அது தொழில் பழக்கம், இது தெளிவா, அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்கிறவன். "சொன்னா நல்லதுதான்," என்றான். "சொல்லாட்டியும் நல்லதுதான்."

"நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தா அதைவிட நல்லது," என்றாள் அவள்.

மாமியார் சொன்னதுபோலவே செய்வது என்று முடிவுசெய்து நிம்மதியாகத் தூங்கினாள். அந்த நிம்மதி மறுநாள் காலை பத்தேகால் வரைக்கும்தான் இருந்தது. பத்தேகாலுக்கு அலுவலகக் குமாஸ்தா ஒரு தாளோடு வந்தார். விதிகளைப் புத்தகம் பார்க்காமல் ஒப்பிப்பவர், சிரித்தால் அதற்கும் விதியெண் சொல்வார்.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை லாரி வருது. மாப்பிள்ளையோட குச்சி மூவாயிரம் புது நாற்றுப் பண்ணைக்குப் போகுது. 'வைரஸ் இல்லை'ன்னு சான்று நீங்கதான் அச்சடிச்சு வைக்கணும். கையெழுத்து வேணாம், நீங்க தற்காலிகம்."

லாரி வியாழக்கிழமை. கையெழுத்து வெள்ளிக்கிழமை. ஒரே ஒரு நாள் முன்பின்னாக அமைந்திருக்கக் கூடாதா என்று அவள் வியாழக்கிழமையைத் திட்டினாள், லாரியைத் திட்டினாள், கழித்தல் வரியை மறந்த தன் புத்தியைத் திட்டினாள். சான்றை அச்சடிக்கக் கணினியில் உட்கார்ந்தாள். 'வைரஸ் இல்லை' என்று தட்டினாள், அழித்தாள். மறுபடி தட்டினாள். தான் முதன்முதலாகப் பார்த்த ஒன்றை இல்லை என்று எழுத விரல் வரவில்லை. அது நேர்மையா, பெருமையா என்று அவளுக்கே தெரியாது. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். எழுந்துபோய்ப் பெரியவரின் கதவைத் தட்டினாள்.

பெரியவர் முழுவதையும் கேட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உன் கையில அழுக்கு இருக்கும்."

"கையுறை போட்டுத்தான் சார்..."

"அப்ப எந்திரத்துல அழுக்கு. ஒரு குழாயில இருந்து இன்னொரு குழாய்க்குத் தெறிச்சிருக்கும். கழிக்க மறந்தேன்னு நீயே சொல்றே. கழிக்க மறந்தவ வேற என்னென்ன மறந்தாளோ? ஒன்பது வருஷமா இங்க இருந்து என்னம்மா கத்துக்கிட்டே?"

"சார், கொடியோட இலையைத் தனியா எடுத்து இன்னொரு தடவை..."

"நான் எடுப்பேன்!" என்று மேசையைத் தட்டினார். "என் கையால. நீ மாப்பிள்ளை பக்கமே வரக்கூடாது."

அடுத்த சில நாட்கள் ஆய்வகத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. பெரியவர் சோதனை மேசையில் நின்று பதினைந்து வருடமாகியிருந்தது. புதிதாக ஒரு பெட்டி கையுறை, சீல் உடைக்காத மருந்துக் குப்பிகள், சீல் உடைக்காத நுனிக்குழல்கள் எல்லாம் கேட்டு வாங்கினார். பிரித்துப் பார்த்தால் நுனிக்குழல் எல்லாம் இப்போது வேறு அளவு, துளி உறிஞ்சும் பிடியில் பொருந்தவில்லை. யாரிடமும் கேட்பதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பிடியை அமுக்குவதற்குப் பதிலாகக் கழற்றும் பொத்தானை அமுக்கினார், நுனிக்குழல் பறந்துபோய்க் குமாஸ்தாவின் காதோரம் விழுந்தது. முதல் நாள் அரைத்த இலையைச் சுழல் எந்திரத்தில் எதிர் எடை வைக்காமல் போட்டுவிட, அது மேசையோடு சேர்ந்து நடந்துவந்தது. தற்காலிகம் ஓடிப்போய் நிறுத்தினாள்.

"யாரும்மா உன்னைத் தொடச் சொன்னது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அவளைப் பார்க்காமல், "எதிர்ல எத்தனை வைக்கணும்?" என்று கேட்டார்.

அந்த ஒரு வைரஸை மட்டும் தேடிப் பிடிக்கும் சோதனைக்கு வேண்டிய சரக்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வந்து சேர்ந்தது. புதன்கிழமை காலை பெரியவர் பத்துக் குழாய்களைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். மூடியில் ஒன்று முதல் பத்துவரை எண் மட்டும். எதில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் அவர் சட்டைப் பையில் மடித்து இருந்தது.

"மாப்பிள்ளையும் இருக்கு, மாப்பிள்ளை இல்லாததும் இருக்கு. வெறும் தண்ணியும் இருக்கு. எதுல வைரஸ்னு நீ சொல்லு. எல்லாத்துலயும் இருக்குன்னு வந்தா உன் அழுக்குதான்னு அர்த்தம். அதுக்கப்புறம் அந்தக் கோப்பை என் மேசைக்குக் கொண்டுவராதே."

எந்திரம் ஓடிய இரண்டு மணி நேரமும் அவள் நாற்காலியைவிட்டு எழவில்லை. திரையில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கோடு. வைரஸ் இருந்தால் கோடு மேலே ஏறும், இல்லாவிட்டால் தரையோடு கிடக்கும். எல்லாக் கோடும் ஏறிவிட்டால் அவள் கதை முடிந்தது. ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது. ஏழு ஏறின. மூன்று படுத்தே கிடந்தன. அவளுக்கு மூச்சு வந்தது. தாளில் எழுதி நீட்டினாள்: இரண்டு, ஐந்து, ஆறு, இவற்றில் இல்லை. மற்ற ஏழிலும் உண்டு.

பெரியவர் பட்டியலைப் பிரித்தார். விரல் வைத்து வரிசையாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். முகம் இறங்கிக்கொண்டே போனது. இரண்டும் ஆறும் தண்ணீர், ஐந்து வேலியோரத்தில் தானாக முளைத்த காட்டுத் திராட்சை. ஒன்று, மூன்று, நான்கு, ஏழு, எட்டு, பத்து எல்லாம் மாப்பிள்ளை. ஒன்பதுக்கு வந்ததும் விரல் நின்றது. முகம் சட்டென்று மலர்ந்தது.

"மாட்டிக்கிட்டே!" என்று துள்ளினார். "ஒன்பது! ஒன்பதுல இருக்குன்னு எழுதியிருக்கே! அது மாப்பிள்ளையே இல்லை! என் வீட்டு மொட்டைமாடியில இருக்கிற கொடி. என் வீட்டுக்காரி தொட்டியில வச்சு வளர்க்குறா. இந்தக் கட்டடத்தோட காத்துகூட அது மேல பட்டதில்லை!"

அவள் திருதிருவென்று விழித்தாள். குமாஸ்தாவும் மற்றவர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். கோடு ஒன்பதை மறுபடி பார்த்தாள், சந்தேகமே இல்லாமல் ஏறியிருந்தது. கடைசியில் கேட்டாள்.

"அம்மா அதை எங்க வாங்கினாங்க சார்?"

"எங்கேயோ வாங்கினா. அதுவா இப்ப முக்கியம்? இரு, கேட்டே சொல்றேன்." எல்லோரும் கேட்கட்டும் என்று போனில் சத்தத்தைக் கூட்டி வைத்தார். "இந்தாம்மா, மாடியில இருக்கே அந்தக் கொடி, எங்க வாங்கினே?"

"நாற்றுப் பண்ணையிலதான்," என்றது மனைவியின் குரல். "ஏன்?"

"எந்தப் பண்ணையானா என்ன, நம்ம லேபுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லைதானே?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? அது உங்க லேபு கொடிதானே! கடைக்காரர் ஒரு சான்றே காட்டினாரு. 'வைரஸ் இல்லை'ன்னு போட்டு, கீழே உங்க கையெழுத்து. என் வீட்டுக்காரர் கையெழுத்து எனக்குத் தெரியாதான்னு சொல்லி அதனாலதான் வாங்கினேன். என்னங்க? ஹலோ? ஏன் பேச்சையே காணோம்?"

வாசலில் கூடியிருந்தவர்களுக்குத் திடீரென்று ஆளுக்கொரு அவசர வேலை ஞாபகம் வந்தது.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்ற முயன்றார், வியர்வையில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவள் குனிந்து விரல் விரலாக உருவிக் கொடுத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு அவர்மேல் கோபமே இல்லை, பாவமாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள், அது கால்வாசிகூட வரவில்லை.

"முப்பது வருஷம்மா," என்றார். "தினம் எட்டிப் பார்த்தேன். என் கண்ணு முன்னாலதான் இருந்திருக்கு. நானே கழிக்கச் சொல்லிட்டு, இல்லை இல்லைன்னு ஊரெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்போ இதைப் பார்க்கிற எந்திரம் கிடையாதே சார்."

"எந்திரம் வந்து எட்டு வருஷமாச்சு. அப்பவும் கழிக்கச் சொன்னேனே." எழுந்து குமாஸ்தாவைக் கூப்பிட்டார். "நாளைக்கு லாரி வேணாம்னு சொல்லு. குச்சி வாங்கின பண்ணை எத்தனை?"

"நாற்பத்திரண்டு சார்."

"எல்லாருக்கும் இன்னிக்கே கடிதம் போகணும். இது கவாத்துக் காலம், எல்லாரும் குச்சி வெட்டிக்கிட்டிருப்பாங்க."

கடிதம் எழுத உட்கார்ந்தார்கள். பெரியவர், 'தங்கள் மேலான கவனத்துக்கு ஒரு சிறு தகவல்' என்று தொடங்கினார். அவள் 'சிறு' என்பதை அடித்தாள். அவர், 'ஓரளவு வைரஸ் போன்ற ஒன்று இருக்கக்கூடும் என ஐயுற இடமுண்டு' என்று எழுதினார். அவள் அவரைப் பார்த்தாள். அவரே அடித்துவிட்டு, 'வைரஸ் இருக்கிறது' என்று எழுதினார். அதற்கு அரைமணி நேரம் ஆனது. 'இதைக் கண்டறிந்தவர்' என்று எழுதி, அவள் முழுப்பெயரைக் கேட்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அவள் சொன்னாள், இன்னொரு தடவை மெதுவாகவும் சொன்னாள்.

குமாஸ்தா கடிதத்தை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "செல்லாது சார். நோய் அறிவிப்புன்னா ரெண்டு கையெழுத்து. தலைவர் ஒண்ணு, சோதிச்சவர் ஒண்ணு. சோதிச்சவர் நிரந்தரப் பணியாளரா இருக்கணும், விதி பதினாலு, உட்பிரிவு மூணு. இவங்க தற்காலிகம்."

"சரி, சோதிச்சது நான்னு போட்டுக்கலாம்," என்றார் பெரியவர். "நானும்தானே குழாயெல்லாம்..." அவள் பார்வையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "இல்லை. நான் மேசையை நடக்கவிட்டவன்."

கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். குமாஸ்தா பதறினார். "சார், இன்னிக்குப் புதன்கிழமை!"

"தெரியும்யா."

பேனா மூடியைத் திறந்தார். ஒன்பதாவது இடத்தில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நல்லவன்னு நினைச்சுக்காதே. நாற்பத்திரண்டு பண்ணைக்காரனும் வாய்க்கு வந்தபடி ஏசுவான். தனியா வாங்கிக் கட்டிக்க எனக்குப் பயமா இருக்கும்மா."

கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா முத்திரை குத்தி, பதிவேட்டில் சிவப்பு மையை அடித்தார். அவள் கடிதத்தின் கீழே பெரியவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். நாற்பத்திரண்டு பேருக்கும் மின்னஞ்சல் போனது. உடனே வீட்டுக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும், மாமியார் தெருவையே கூட்டிவிடுவாள் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.

செல்போனை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். அதற்குள் பெரியவரின் மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. ஒன்று ஓய்வதற்குள் குமாஸ்தாவின் மேசையிலும் அடித்தது, வாசலில் வரவேற்பிலும் அடித்தது.

பெரியவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். போனைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"எடும்மா," என்றார். "நீதான் இப்ப பர்மனென்ட் ஆச்சே."